நாம் செய்யும் நகையை அவர்கள் ஏன் வாங்குகிறார்கள்?



நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் சுட்டமண் நகை செய்கின்றன. சில குழுக்கள் பட்டு நூல் வளையல் சுற்றுகின்றன. சிலர் மணி கோக்கிறார்கள். பயிற்சி எடுத்தோம், கடன் வாங்கி மூலப்பொருள் வாங்கினோம், கண்காட்சிக்கும் போய் வந்தோம். ஆனால் எடுத்துப்போன அட்டைப்பெட்டியில் பாதி திரும்பி வீட்டுக்கே வந்துவிடுகிறது. பெட்டி பரண் மேலே ஏறிவிடும். கடன் தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

ஏன் விற்கவில்லை என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "விலையைக் கொறச்சிருந்தா வித்திருக்கும் சார்", "பக்கத்து ஸ்டால்ல கொறச்சுக் குடுத்தாங்க மேடம்". இது சரியான காரணம்தானா என்று நாம் எல்லோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதற்கு, வாங்காதவர்களை விட்டுவிட்டு, வாங்கியவர்களைப் பார்ப்போம். அவர்கள் ஏன் வாங்கினார்கள்? அது புரிந்தால் எதைச் செய்வது, எவ்வளவு செய்வது, என்ன விலை சொல்வது என்று எல்லாமே தெளிவாகிவிடும்.

விலைப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பேன்சி ஸ்டோருக்குப் போய்ப் பாருங்கள். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் அட்டை அட்டையாகக் கம்மல் தொங்கும். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் மெஷினில் வார்த்தது. அந்த விலைக்கு நம்மால் கொடுக்க முடியாது. மண்ணைச் சலித்து, பிசைந்து, உருட்டி, நிழலில் காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டி ஒரு ஜிமிக்கி செய்யப் பல நாள் ஆகிறது.

நம் ஸ்டாலுக்கு வருகிற பெண்ணுக்கும் அந்தப் பேன்சி ஸ்டோர் தெரியும். விலை குறைவுதான் வேண்டும் என்றால் அவர் அங்கேயே வாங்கியிருப்பார். அங்கே கிடைக்காத ஏதோ ஒன்றைத் தேடித்தான் நம்மிடம் வருகிறார். அது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. புடவைக்குப் பொருத்தம்

முதல் காரணம் இதுதான். வாங்கும் பெண் மனசில் ஏற்கனவே ஒரு புடவை இருக்கிறது. "மயில் கழுத்து நிறத்துல பட்டுப் புடவை, அரக்கு பார்டர். அதுக்குத் தோதா இருக்கா?" என்றுதான் கேட்பார். தங்க வளையல் எல்லாப் புடவைக்கும் ஒரே நிறம். பேன்சி ஸ்டோரில் பச்சை இருக்கும், ஆனால் அந்தப் பச்சை இருக்காது. பட்டு நூல் வளையலுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததே, கேட்ட நிறத்தில் சுற்றித் தரலாம் என்பதால்தான்.

ஆகவே நாமாக ஒரு நிறத்தை நினைத்து ஐம்பது செட் சுற்றி வைப்பதைவிட, நம்மிடம் உள்ள எல்லா நூலிலும் ஒரு விரல் நீளம் வெட்டி ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, நம்பர் போட்டு வையுங்கள். ஸ்டாலில் அந்த அட்டை முன்னால் இருக்கட்டும். வாடிக்கையாளர் பிளவுஸ் துணியை வைத்துப் பார்த்து நம்பரைச் சொல்வார். முன்பணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் கொடுங்கள். போனில் புடவைப் படம் அனுப்பினால் அதை மட்டும் நம்பாதீர்கள். போன் வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும். முடிந்தால் ஒரு துண்டுத் துணி கேளுங்கள். இல்லாவிட்டால் நூலின் படத்தை அனுப்பி "இதுதானே?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விசேஷம் எப்போது வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. "இந்த மாசம் வியாபாரம் இல்ல" என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடித் தள்ளுபடியிலேயே புடவை எடுத்துவிடுவார்கள். தை முகூர்த்தத்துக்கு மார்கழியிலேயே ஏற்பாடு தொடங்கிவிடும். புடவை எடுத்த கையோடு வளையலைத் தேடுவார்கள். ஆகவே ஆடியும் மார்கழியும் நமக்கு ஆர்டர் பிடிக்கிற மாதங்கள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா, நவராத்திரி இவற்றையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

2. "வேற யார்கிட்டயும் இல்ல"

கல்லூரிப் பெண்கள் இதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். தோழி போட்டிருக்கிற அதே கம்மலைத் தானும் போட்டுக்கொள்ள அவர்களுக்கு விருப்பம் இல்லை. "எங்க வாங்கின?" என்று நாலு பேர் கேட்க வேண்டும். கையால் செய்தது என்றாலே ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்று நம்பி வருகிறார்கள்.

நாமோ ஒரே மாதிரி முப்பது ஜோடியைப் பரப்பி வைக்கிறோம். அதைப் பார்த்ததும் "இது கடைச் சரக்கு" என்று நினைத்துவிடுவார்கள். ஒரு மாதிரியில் ரெண்டு ஜோடிக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மீதி பெட்டிக்குள் இருக்கட்டும். பேரின் முதல் எழுத்து பொறித்த பதக்கம், கேட்ட உருவம் என்று செய்து கொடுத்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைவேலையின் அடையாளம் வேறு, கைவேலையில் பிழை வேறு. ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் கோடு கொஞ்சம் மாறியிருந்தால் அது அழகு. ஒரே ஜோடியில் இடது காதுக்கும் வலது காதுக்கும் அளவு மாறினால் அது பிழை. பசை வெளியே வழிந்திருப்பதும், கல் கோணலாக உட்கார்ந்திருப்பதும், நூல் முனை பிரிந்து நிற்பதும் பிழைதான். "கையால செஞ்சது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

3. தங்கத்துக்கு மாற்று, ஆனால் போட்டி இல்லை

2005ஆம் ஆண்டில் ஒரு பவுன் தங்கம் 5,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025ஆம் ஆண்டில் அது 70,000 ரூபாயைத் தாண்டியது. இருக்கிற நகையும் பல வீடுகளில் அடகில் இருக்கிறது. கையில் நகை வைத்திருப்பவர்கள்கூடப் பஸ்ஸிலும் ரயிலிலும் போட்டுப் போகப் பயப்படுகிறார்கள். ஆனாலும் கல்யாண வீட்டுக்கு வெறும் கழுத்தோடு யாருக்கும் போக மனசு வராது. அந்த இடத்தில் நம் நகை வந்து நிற்கிறது.

இதைச் சொல்லி விற்கும்போது கவனம் வேண்டும். "தங்கம் வாங்க முடியாதவங்களுக்கு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வாங்க வந்தவரை அது புண்படுத்தும். தங்கம் சேமிப்பு. நம்முடையது அலங்காரம். தங்கம் நிறையப் போட்டிருக்கிற பெண்களும் டெரகோட்டா ஆரம் வாங்குகிறார்கள், காட்டன் புடவைக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறது என்று. தங்கம் மாதிரியே தெரிய வேண்டும் என்று பூச்சுப் பூசுவதைவிட, மண் மண்ணாகவே தெரிந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கிறது.

4. உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும்

கண்ணுக்குப் பிடித்ததும் கையில் எடுப்பார்கள். எடுத்ததும் கனம் பார்ப்பார்கள். ஜிமிக்கி கனமாக இருந்தால் "காது தொங்கிடும்" என்று கீழே வைத்துவிடுவார்கள். ஆகவே ஜிமிக்கியின் உள்பக்கத்தை நன்றாகக் குடைந்து மெல்லிசாக்குங்கள். பெரிய கம்மலுக்கு மாட்டல் வைத்துக் கொடுங்கள்.

அடுத்தது அரிப்பு. "கவரிங் போட்டா எனக்குக் காது புண்ணாயிடும்" என்று நிறையப் பேர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விலை குறைந்த கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும். சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. சிவந்து, அரித்து, நீர் வடியும். மண்ணில் குற்றமே இல்லை, கொக்கியில்தான் குற்றம். ஆனால் கெட்ட பெயர் நம் நகைக்குத்தான் வரும். மொத்தக் கடையில் வாங்கும்போது நல்ல தரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஜோடிக்குச் சில ரூபாய் கூடுதலாகும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லியே விற்கலாம்.

வளையலுக்கு அளவு முக்கியம். 2-4, 2-6, 2-8 என்று சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? முதல் எண் அங்குலம். இரண்டாவது எண், ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பது. 2-4 என்றால் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 5.7 சென்டிமீட்டர். 2-6 என்றால் சுமார் 6 சென்டிமீட்டர். 2-8 என்றால் இரண்டரை அங்குலம், சுமார் 6.35 சென்டிமீட்டர். நூல் சுற்றியதும் உள்பக்கம் கொஞ்சம் இறுகிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஸ்டாலில் நூல் சுற்றிய மாதிரி வளையல் ஒவ்வொரு அளவிலும் ஒன்று வையுங்கள். கையில் போட்டுப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர் திருப்பிக் கொண்டுவர மாட்டார்.

5. உடையாது, சாயம் போகாது என்ற நம்பிக்கை

"தண்ணி பட்டாக் கரைஞ்சிடுமா?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. நன்றாகச் சுட்ட மண் தண்ணீரில் கரையாது. பச்சை மண்ணும் அரைவேக்காட்டு மண்ணும்தான் கரையும், உதிரும். ஒவ்வொரு சூளையிலும், வண்ணம் அடிப்பதற்கு முன்னால், ஒரு துண்டை எடுத்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். ரெண்டு துண்டை லேசாகத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். மொத்தையாகச் சத்தம் வந்தால் சூடு பத்தவில்லை. சுடுவதற்கு முன் நிழலில் முழுசாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும்.

பட்டு நூல் வளையல் தண்ணீர் படக்கூடாத பொருள். அதை மறைக்காமல் சொல்லுங்கள். "நனைக்காதீங்க, சென்ட் அடிச்ச பிறகு போடுங்க, கழட்டிட்டுப் பெட்டியில வைங்க" என்று ஒரு சிறு சீட்டில் எழுதி உள்ளே வைக்கலாம். கல் விழுந்தால் இலவசமாக ஒட்டித் தருகிறோம் என்று குழுவின் போன் நம்பரையும் அதில் போடுங்கள். திரும்பி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் நிறைய இருப்பார்கள்.

6. பிடித்தவர்களுக்குப் பரிசு

தனக்கு வாங்குவதைவிட அடுத்தவருக்கு வாங்கும்போது மக்கள் தாராளமாக இருப்பார்கள். கைவினைப் பொருளில் இது இன்னும் அதிகம். 2015ஆம் ஆண்டில் மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வில், கையால் செய்த பொருளில் செய்தவரின் அன்பும் சேர்ந்திருப்பதாக வாங்குபவர்கள் உணர்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். மனசுக்கு நெருக்கமானவர்களுக்குப் பரிசு என்றால் கைவேலைப் பொருளை விரும்பி வாங்குகிறார்கள். ஏதோ கடமைக்குக் கொடுக்கிற பரிசு என்றால் அந்த விருப்பம் இல்லை.

ஆகவே, "யாருக்கு வாங்குறீங்க?" என்று கேளுங்கள். மகளுக்கு, நாத்தனாருக்கு, கூட வேலை பார்ப்பவருக்கு என்று சொல்வார்கள். பரிசு என்றால் விலைச் சீட்டை எடுத்துவிட்டு, ஒரு நல்ல காகிதப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க, நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க என்று மொத்தமாகவும் கேட்பார்கள். அதற்கென்று சின்னதாக, ஒரே விலையில் ரெண்டு மூன்று மாதிரிகளைத் தயாராக வைத்திருங்கள்.

7. யார் செய்தது, எங்கே செய்தது

கோயில் வாசலில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் சமூகப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நம் கண் முன்னாலேயே மணி கோத்துக்கொண்டிருப்பார்கள். நிற்கிற கூட்டம் முதலில் அந்தக் கையைத்தான் பார்க்கிறது, அப்புறம்தான் மாலையைப் பார்க்கிறது. நாம் ஸ்டாலில் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே கூப்பிடுகிறோம். அதைவிட ஒருவர் மண்ணை உருட்டிக்கொண்டோ, நூல் சுற்றிக்கொண்டோ இருந்தால் மக்கள் தானாக வந்து நிற்பார்கள். எவ்வளவு வேலை என்று கண்ணால் பார்த்தவர் பேரம் பேசுவதும் குறையும்.

ஊருக்கும் மதிப்பு உண்டு. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோவில் நகையைப் பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் ஊர்ப் பேரைச் சொல்லியே கேட்டு வாங்குகிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் சீட்டிலும் குழுவின் பேர், ஊர்ப் பேர், எந்த ஊர் மண் என்ற விவரம் இருக்கட்டும்.

ஆனால் கஷ்டத்தைச் சொல்லி விற்க வேண்டாம். "நாங்க ஏழைப் பொம்பளைங்க, பார்த்து வாங்கிக்கோங்க" என்று சொன்னால் இரக்கப்பட்டு ஒரு தடவை வாங்குவார்கள். போட மாட்டார்கள், மறுபடி வரவும் மாட்டார்கள். பிடித்து வாங்கியவர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்.

இப்போது விலைக்கு வருவோம்

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். ஒரு செட் பட்டு நூல் வளையலுக்கு நூல், வளையல், கல், பசை எல்லாம் சேர்ந்து 70 ரூபாய். பெட்டி 10 ரூபாய். பஸ், ஸ்டால் செலவில் இந்தச் செட்டின் பங்கு 20 ரூபாய். மொத்தம் 100. வேலை மூன்று மணி நேரம்.

நம் நேரத்துக்கு என்ன கூலி? 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். மூன்று மணிக்கு 126 ரூபாய். ஆகச் செலவு 226 ரூபாய். சேதாரத்துக்கும் லாபத்துக்கும் 24 ரூபாய் சேர்த்தால் விலை 250 ரூபாய்.

இதை 150 ரூபாய்க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? "எழுபது ரூபாய் நூலு, எண்பது ரூபாய் லாபம்" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பெட்டி, பஸ் செலவு போகக் கையில் நிற்பது 50 ரூபாய். மூன்று மணி நேர உழைப்புக்கு மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை. மண்வெட்டி பிடித்தால் 42, கண்ணைச் சுருக்கி நூல் சுற்றினால் 17. இப்படி விற்றுத் தவணை கட்டினால், வீட்டுச் செலவுக்கு மறுபடி உள்கடன்தான் வாங்க வேண்டிவரும். சரக்கு எல்லாம் விற்றுப்போன பிறகும் கடன் குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்காட்சியின் கடைசி நாளில் விலையைப் பாதியாக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு கண்காட்சியில் நாங்கள் பார்த்தோம். முதல் நாள் முழு விலை கொடுத்து வாங்கிய பெண், மூன்றாம் நாள் தன் தோழியைக் கூட்டிவந்தார். பாதி விலைப் பலகையைப் பார்த்ததும், "அப்போ அன்னைக்கு என்னை ஏமாத்திட்டீங்களா?" என்று கேட்டார். ஸ்டாலில் இருந்த சகோதரியால் பதில் சொல்ல முடியவில்லை. தோழியும் வாங்கவில்லை.

அப்படியானால் "விலை ஜாஸ்தி" என்று சொல்பவரிடம் என்ன செய்வது? அதே பொருளின் விலையைக் குறைக்காமல், சின்ன பொருளைக் காட்டுங்கள். "நூறு ரூபாய்க்குள்ள வேணும்னா இந்தக் கம்மலைப் பாருங்கக்கா, இதுவும் நாங்க செஞ்சதுதான்" என்று சொல்லுங்கள். ஸ்டாலில் எப்போதும் மூன்று விலைப் படிகள் இருக்க வேண்டும். சின்ன கம்மல் ஒரு படி, ஜிமிக்கி அல்லது வளையல் ஒரு படி, முழு செட் ஒரு படி. கல்லூரிச் சந்தைக்கு முதல் படி அதிகமாகவும், சாரஸ், மதி கண்காட்சிகளுக்கு மூன்றாம் படியும் சேர்த்து எடுத்துப் போங்கள். கோயில் திருவிழாவுக்குச் சின்னக் குழந்தைகளின் வளையல் அளவையும் மறக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

மேலே சொன்ன ஏழு காரணமும் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. உங்கள் வாடிக்கையாளர் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி வைத்தால்தான் அடுத்த முறைக்குப் பயன்படும். இப்போது நம் விற்பனை நோட்டில் என்ன விற்றது, எவ்வளவுக்கு என்று மட்டும்தான் இருக்கிறது. இன்னும் நான்கு கட்டம் போடுங்கள்.

- யாருக்கு வாங்கினார்? தனக்கா, பரிசுக்கா?
- எந்தப் புடவைக்கு, எந்த விசேஷத்துக்கு?
- கேட்டது என்ன, நம்மிடம் இல்லாதது என்ன? நிறம், அளவு, மாதிரி என்று தனித்தனியாக எழுதுங்கள்.
- எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துப் போனவர் என்ன சொன்னார்?

கடைசிக் கட்டம்தான் மிக முக்கியம். "கனமா இருக்கு" என்று பத்துப் பேர் சொல்லியிருந்தால் விலையைக் குறைத்தும் பிரயோஜனம் இல்லை, ஜிமிக்கியைக் குடைய வேண்டும். "2-8 இல்லையா" என்று ஆறு பேர் கேட்டிருந்தால் அடுத்த தடவை 2-8 வாங்க வேண்டும். "விலை ஜாஸ்தி" என்று எத்தனை பேர் உண்மையிலேயே சொன்னார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும். எழுதத் தெரிந்த ஒரு சகோதரி ஸ்டாலில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் அன்றிரவே சொல்லி எழுத வைக்கலாம்.

அடுத்த கடனில் மூலப்பொருள் வாங்குவதற்கு முன்னால் அந்த நோட்டைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். அதில் இருப்பதற்கு மட்டும் நூலும் கொக்கியும் வாங்குங்கள். பரண் மேல் இருக்கிற பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். கனமான கொக்கியை மாற்றலாம், பிரிந்த செட்டைச் சேர்த்துப் புதுப் பெட்டியில் வைக்கலாம். அதில் பாதியாவது திரும்ப விற்கக்கூடிய சரக்காக இருக்கும்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேச

1. நாம் கடைசியாக வாங்கிய ஒரு கம்மலையோ வளையலையோ ஏன் வாங்கினோம்? ஒவ்வொருவரும் சொல்லுங்கள். விலைக்காக வாங்கியவர்கள் எத்தனை பேர்?
2. நம் குழு செய்யும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நம் கூலியையும் சேர்த்து விலை போட்டுப் பாருங்கள்.
3. அடுத்த கண்காட்சிக்கு நோட்டு எழுதப்போவது யார்? பேரைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் இந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எந்த ஊரில் எந்த நிறம் கேட்டார்கள், எந்த அளவு இல்லாமல் போனது என்று எல்லாக் குழுவும் சேர்ந்து பார்த்தால், மூலப்பொருளை மொத்தமாக வாங்குவதைப் பற்றியும் அன்றே பேசி முடிக்கலாம்.